டவுனில் பழைய வீட்டை இடித்துக் கட்டுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு ரத வீதிகளிலும், அவற்றிலிருந்து பிரியும் தெருக்களிலும் முடுக்குகளிலும் நடந்து செல்பவர், எங்கேனும் ஒரு பழைய வீடு இடிபடுவதையோ, அந்த இடத்தில் காங்கிரீட் தூண்கள் எழும்புவதையோ காணாமல் திரும்புவதில்லை. திருநெல்வேலி டவுன் புதுப்பிக்கப்பட வேண்டிய ஊர்தான். ஒழுகும் மட்டப்பா என்னும் தட்டைக் கூரையின் கீழ், கழிப்பறைக்குப் புறவாசல் வரை நடந்து, முதியவர்கள் காலம் கழிக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் பெருமாள்புரத்திலோ மகாராஜ நகரிலோ காலி மனையில் வீடு கட்டுவது போன்றதல்ல இங்கே கட்டுவது. டவுன் வீடுகள் சுவரைப் பங்கிட்டுக்கொண்டவை. தண்ணீர் வடியும் வழியையும் கிணற்றையும் நடைபாதையையும் பங்கிட்டுக்கொண்டவை. தன் மனை தனி மனை என்று எண்ணித் தொடங்குவதே முதல் தவறு. மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை அதிலிருந்தே கிளைக்கின்றன.

சுவரை எடுத்துக்கொள்வோம். முன்கூடமான தார்சா, நடுக்கூடமான பட்டாசல், உள்ளறையான அரங்கு, அடுக்களை என்று தெருவிலிருந்து பின்புறம் வரை நீளும் இந்த வீடுகளில், இரண்டு வீடுகளுக்கு நடுவே பல இடங்களில் ஒரே சுவர்தான் இருக்கும். பத்திரத்தில் அது 'பொதுச் சுவர்' என்று குறிக்கப்பட்டிருக்கலாம், குறிக்கப்படாமலும் இருக்கலாம். அடுத்த வீட்டு உத்திரத்தின் முனை இந்தச் சுவருக்குள்தான் செருகியிருக்கும். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டப்பட்ட அந்தச் சுவர், இருபுறமும் கூரையின் பாரம் அழுத்திப் பிடித்திருப்பதால் நிற்கிறது. ஒரு புறத்துக் கூரையை அகற்றிவிட்டு ஜேசிபியைக் கொண்டு மீதியைத் தள்ளும்போது, அடுத்த வீட்டுப் பட்டாசலில் விரிசல் விழுவது தற்செயலன்று. விழாமல் இருந்தால்தான் வியப்பு. இத்தகைய வீட்டை மேலிருந்து கீழாகக் கையால்தான் பிரிக்க வேண்டும். முதலில் ஓடுகளும் மட்டப்பாவும், பிறகு உத்திரமும் கட்டையும், அதன் பிறகு சுவர் வரிசை வரிசையாக என்று இறக்கி, அடுத்த வீட்டுச் சுவருக்கு முன்கூட்டியே முட்டுக் கொடுத்துவிட வேண்டும். கூலி கூடுதலாகும், நாட்களும் கூடும். ஆனால் தேக்கு உத்திரம், தூண், கதவு, நிலை ஆகியவை முழுதாகக் கிடைப்பதால் அந்தச் செலவில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும்.

இடிப்பதைவிட ஆபத்தானது வானம், அதாவது அடித்தளக் குழி, தோண்டுவது. பழைய சுவரின் அடித்தளம் பெரும்பாலும் ஆழமில்லாதது. அதை ஒட்டி, அதற்கும் கீழே, மனையின் முழு நீளத்துக்கும் ஒரே மூச்சில் குழி வெட்டினால் பக்கத்துச் சுவர் தாங்கி நிற்கும் மண் குழிக்குள் சரியத் தொடங்கும். நான்கைந்து அடித் துண்டுகளாக, ஒரு துண்டுக்கு இடம் விட்டு அடுத்த துண்டு என்ற முறையில் தோண்டி, ஒவ்வொன்றையும் கட்டி முடித்த பிறகே இடைப்பட்ட பகுதியைத் தோண்ட வேண்டும் என்பது பழைய கொத்தனார்களும் இன்றைய பொறியாளர்களும் ஒருங்கே சொல்லும் முறை. எங்கள் தெருவில் ஒரு வீட்டின் பின்பகுதி ஐப்பசி மழையில் இப்படிச் சரிந்தபோது அந்த வீட்டில் ஒரு முதியவர் தனியாகப் படுத்திருந்தார். அவருக்குக் காயம் ஏதும் இல்லை என்றாலும், அந்த இரவுக்குப் பின் அவர் அந்த வீட்டில் தங்கவில்லை. வேலை தொடங்குமுன் அடுத்த வீட்டுக்காரரோடு சேர்ந்து நின்று, ஏற்கெனவே உள்ள விரிசல்களைத் தேதியுடன் படம் எடுத்து வைத்து, பொதுச் சுவரை என்ன செய்யப்போகிறோம் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொண்டால், பின்னால் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியிருக்காது.

அனுமதி கிடைத்துவிட்டதே, பிறகு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடி வரையிலான தரைத்தள, முதல்தள வீடுகளுக்கு இணையவழியில் உடனடியாக அனுமதி கிடைக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உரிமையாளர் தாமே சான்றளித்துப் பெறும் அனுமதி அது. பக்கத்துச் சுவரை வந்து பார்த்து யாரும் அந்த அனுமதியைத் தருவதில்லை. சொல்லியது தவறானால் பொறுப்பு முழுவதும் சொன்னவரையே சேரும்.

உரிமை ஆவணங்களில் டவுனுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. கோயிலுக்கோ மடத்துக்கோ கட்டளைக்கோ சொந்தமான அடிமனையில் வீட்டைக் கட்டிக்கொண்டு, தலைமுறைகளாகப் 'பகுதி' எனப்படும் மனை வாடகையைச் செலுத்தி வருபவர்கள் பலர். அவர்கள் விற்பது கட்டடத்தையே ஒழிய மண்ணை அன்று. 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, ஆணையரின் ஒப்புதல் இல்லாமல் சமய நிறுவனத்தின் நிலத்தை விற்பதும் அடமானம் வைப்பதும் ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடுவதும் செல்லாது. இது தெரியாமல் முன்பணம் கொடுத்துவிட்டுப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் போய் நிற்பதைவிட, நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை முதலில் வாங்கி, அதில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பது மேல். பதிவேட்டில் தாத்தாவின் பெயரே இன்னும் நீடிக்குமானால், அத்தைமார்களும் அவர்களுடைய பிள்ளைகளும் உட்பட எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் தேவைப்படலாம் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். பெண்களுக்கு மூதாதையர் சொத்தில் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே உண்டு. "அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்ற வாய்ச்சொல்லை நம்பி அடித்தளம் போட்ட கட்டடங்கள் பாதியில் நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

வளவு வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். ஒரே தலைவாசல், ஒரே கிணறு, நடுவே எல்லோருக்குமான பாதை என்று ஐந்தாறு குடும்பங்கள் வாழும் வளவில், ஒரு வீட்டை வாங்கியவர் பாதையின் மேல் ஓர் அறையை நீட்டிக் கட்டினால், உள்ளே இருப்பவர்களின் வெளிச்சம் போகும். அவசரத்துக்கு ஸ்ட்ரெச்சர் நுழையும் வழியும் போகும்.

அடுத்தது தண்ணீர். இதில் செய்யும் தவறு நம்மோடு நிற்பதில்லை. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாய் பேட்டை வழியாக டவுனைத் தொட்டு நயினார்குளத்துக்குப் போகிறது; ஆற்றின் மறுகரையில் பழவூர் அணைக்கட்டிலிருந்து வரும் பாளையங்கால்வாய் மேலப்பாளையத்தையும் பாளையங்கோட்டையையும் கடக்கிறது. இவை வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோக வெட்டப்பட்டவை. இன்று அவற்றை நாம் சாக்கடையாகவும், பல இடங்களில் கட்டடத்தின் பின்சுவராகவும் ஆக்கி வைத்திருக்கிறோம். கால்வாய்க் கரையில் கட்டுபவருக்கு, கரையின் மேல் படிக்கட்டை இறக்குவதும் சிமெண்ட் பலகை போட்டு மூடி வண்டி நிறுத்துவதும் சிறு விஷயமாகத் தோன்றும். மூடிய இடத்தில் தூர் வார முடியாது. தூர் வாராத இடத்தில் மழைநீர் தெருவுக்குத் திரும்பும். குளத்தின் இடத்தில் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நமக்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. வேய்ந்தான்குளத்தில் அமைந்த புதிய பேருந்து நிலையத்தைப் பெருமழை நாட்களில் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை கடந்தபோது ஜங்ஷன், மீனாட்சிபுரம், கைலாசபுரம், சிந்துபூந்துறைப் பகுதிகளும் கொக்கிரகுளத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகமும் நீரில் நின்றன. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் இதை எதிர்பாராததாகக் கருதவில்லை. ஆகவே இந்தப் பகுதிகளில் கட்டுபவர், 2023-இல் அந்தத் தெருவில் நீர் எந்த உயரம் வரை வந்தது என்று அண்டை வீட்டாரிடம் கேட்டு, சுவரில் எஞ்சியிருக்கும் கறையை அளந்து, அதற்கு மேலே தரைமட்டத்தை வைக்க வேண்டும். மின்மீட்டர் பலகை, மோட்டார், ஜெனரேட்டர், லிப்டின் இயக்கப் பெட்டி ஆகியவற்றைத் தரைக்குக் கீழே உள்ள வண்டி நிறுத்துமிடத்தில் வைப்பது, வெள்ளத்தில் முதலில் மூழ்கும் இடத்தில் வீட்டின் உயிர்நாடியை வைப்பதாகும். உயர்த்துவதிலும் ஒரு தவறு நேர்கிறது: லாரி லாரியாக மண் அடித்து மனை முழுவதையும் மேடாக்கினால் நம் வீட்டில் நிற்க வேண்டிய நீர் அடுத்த வீட்டுக்குள் போகும். தூண்களின் மேல் தளத்தை உயர்த்தி, கீழே நீர் கடந்து செல்ல இடம் விடுவதே அண்டை வீட்டாருக்கும் தீங்கில்லாத வழி. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய சாலை போட்டதால்தான் டவுன் வீடுகள் பலவற்றின் வாசற்படி தெருவுக்குக் கீழே போனது. சுரண்டிய பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டிருக்கிறார். தெருவில் சாலை வேலை தொடங்கும் நாளில் குடியிருப்போர் இதைக் கேட்க வேண்டும். தார் ஊற்றிய பிறகு கேட்டுப் பயனில்லை.

கிணற்றை இடிபாடு கொட்டி மூடுவது மிக எளிதாகச் செய்யப்படும் தவறு. மொட்டைமாடி நீரை மணலும் ஜல்லியும் இட்ட தொட்டியில் வடிகட்டி அந்தக் கிணற்றிலேயே விட்டால், சட்டம் கேட்கும் மழைநீர் சேகரிப்பு அங்கேயே நிறைவேறிவிடும்; புதிதாகக் குழி வெட்டவும் வேண்டாம்.

முழுவதையும் இடிக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியைக் கேட்காமலே பலர் இடித்துவிடுகிறார்கள். முன்பகுதியில் தார்சாவும் பட்டாசலும் உறுதியாக இருந்து, பின்பகுதி மட்டும் சிதைந்திருக்கும் வீடுகள் நிறைய. முன்னதைப் பழுது பார்த்துப் பின்னால் மட்டும் புதிதாகக் கட்டலாம். பழுது பார்க்கும்போது சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசக் கூடாது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூத்து, சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாக உதிரும்; சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான் பொருந்தும். முழுதும் இடித்துக் கட்டுபவர்களும் முத்தத்தை, அதாவது நடு முற்றத்தை, விட்டுவிடக் கூடாது. தொடர் கட்டடப் பகுதியாக அறிவிக்கப்பட்ட தெருக்களில் பக்கவாட்டில் இடம் விடத் தேவையில்லை என்று விதி சலுகை தருகிறது. அந்தச் சலுகையோடு முத்தத்தையும் கூரையிட்டு மூடினால், நடு அறைகளுக்குப் பகலிலும் விளக்குத்தான். பங்குனி, சித்திரை வெயிலில் அந்த அறைகளில் காற்றும் இருக்காது.

அடுக்குமாடி வீடு வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் (ரெரா) சட்டப்படி பதிவு பெற்ற திட்டத்தில், வாங்குவோர் கட்டும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைத்து அந்தக் கட்டுமானத்துக்கும் நிலத்துக்குமே செலவிட வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. ஆனால் நிலம் 500 சதுர மீட்டருக்கும், அதாவது சுமார் 12 சென்ட்டுக்கும், வீடுகள் எட்டுக்கும் மேற்படாத திட்டங்களுக்கு இந்தப் பதிவு கட்டாயமில்லை. டவுனின் ஒடுங்கிய மனைகளில் எழும் கட்டடங்கள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் அடங்குபவை. எனவே 'ரெரா இருக்கிறது' என்ற நம்பிக்கையில் இங்கே பணம் கட்டக் கூடாது. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, அனுமதி பெற்ற வரைபடம், பிரிக்கப்படாத நிலப் பாகத்தின் அளவு ஆகிய நான்கையும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிய பிறகே கையெழுத்திட வேண்டும்.

கடைசியாக, வாடகைக் கடைக்காரர்கள். ரத வீதிகளில் பாத்திரம், துணி, பூ, பலசரக்கு விற்பவர்களில் பலருக்குக் கட்டடம் சொந்தமில்லை. "கட்டி முடிச்சதும் உங்களுக்குத்தான் அண்ணாச்சி" என்ற சொல்லை நம்பிக் கடையைக் காலி செய்பவர்கள், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தனியார் கட்டடத்தை இடித்துக் கட்டுவதற்காக வாடகைதாரர் வெளியேறினால், மீண்டும் உள்ளே வரும் உரிமை தானாகக் கிடைக்காது. இருவரும் எழுத்தில் உடன்பட்டு, அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பிடம் அளித்திருந்தால்தான் கிடைக்கும். பொதுத் திட்டங்களிலும் இந்த இழப்பு உண்டு. பொலிவுறு நகரத் திட்டத்தில் ஜங்ஷன் பேருந்து நிலையம் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தபோது, பயணிகளின் நடமாட்டத்தை நம்பிப் பிழைத்த சிறு கடைகள் எவ்வளவு தவித்தன என்பதை நேரில் பார்த்தோம். மாற்றுக் கடை தயாராகும் முன் பழைய கடையை இடிக்கும் திட்டத்துக்கு மாமன்றத்தில் ஒப்புதல் தரக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

வேலையைத் தொடங்கும் மாதத்தையும் யோசித்தே முடிவு செய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் தோண்டக் கூடாது. தை பிறந்ததும் பிரித்து, மாசி, பங்குனிக்குள் அடித்தளத்தை முடித்துத் தரைமட்டத்துக்கு மேலே வந்துவிட்டால் பக்கத்துச் சுவருக்கும் பாதுகாப்பு. ரத வீதியில் கட்டுபவர் ஆனி மாதத்துக்கு முன்பே சாரத்தையும் தெருவில் குவித்த மணலையும் ஜல்லியையும் அகற்றி, புதிய மாடியின் சன்னல் மறைப்போ பால்கனியோ தெருவின் மேல் நீளாதபடி அளந்து பார்த்துவிட வேண்டும். தேர் அந்த வழியாகத்தான் வரும்.