ஹார்மோன் மாத்திரையும் தோட்ட வேலையும்: எப்படிச் சமாளிப்பது

ஹார்மோனால் வளருகிற வகை மார்பகப் புற்றுநோய் என்றால், ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்தபிறகு அந்த ஹார்மோனைத் தடுக்க ஒரு மாத்திரையைக் கொடுத்து ஐந்து வருஷம் போடச் சொல்வார்கள். சிலருக்குப் பத்து வருஷம்கூட ஆகும். மாதவிடாய் நிற்காதவர்களுக்குப் பெரும்பாலும் டாமாக்சிஃபென் 20 மில்லிகிராம். நின்றவர்களுக்கு லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் மாதிரி ஒன்று. எனக்கு லெட்ரோசோல். ஆஸ்பத்திரி தொலைவிலும் வேலை வாசலிலுமாக இருக்கிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

என்னை அதிகம் படுத்தியது மூட்டுதான். விடிகாலையில் விரல் மடங்காது. மாட்டின் காம்பைப் பிடித்தால் கட்டைவிரலின் அடியில் சுருக்கென்று இழுக்கும். இந்த மாத்திரை உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோனை வெகுவாகக் குறைத்துவிடுவதால் வருகிற வலி இது. எழுந்ததும் வேலையில் கை வைக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை முக்கி வைத்து, ஒவ்வொரு விரலாக மடக்கி விரித்துவிட்டு, அப்புறம் போங்கள். அரிவாள், மண்வெட்டிப் பிடியில் பழைய துணியைத் தடிமனாகச் சுற்றினால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. இது எனக்கு வலி மாத்திரையைவிட உதவியது.

நடக்கவும் வேண்டும். ‘நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிறேனே, எனக்கு எதற்கு உடற்பயிற்சி?’ என்று நானும் கேட்டேன். ஒரே இடத்தில் குனிந்து களை பிடுங்குவது வேறு, கை வீசி நடப்பது வேறு. தொடர்ந்து உடற்பயிற்சி செய்தால் இந்த வலி குறைவதை ஆய்வுகளிலும் கண்டிருக்கிறார்கள். அப்படியும் தாங்கவில்லையா? டாக்டரிடம் சொன்னால் அதே வகையில் வேறு மாத்திரைக்கு மாற்றிப் பார்ப்பார். யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. நோய் திரும்பி வராமல் காப்பதே அதுதான்.

திடீரென்று முகமும் கழுத்தும் தீயாய் எரிந்து, குப்பென்று வியர்க்கும். அடுப்படி வேலையை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். தளர்வான பருத்தி உடுத்துங்கள், இரவில் தலைமாட்டில் மாற்றுத்துணி வையுங்கள். சூட்டைக் குறைக்க மருந்தும் உண்டு. ஆனால் மனச்சோர்வுக்கும் சிலசமயம் இந்தச் சூட்டுக்கும் கொடுக்கிற பாராக்செடின், ஃப்ளூக்செடின் இரண்டும் டாமாக்சிஃபெனின் வேலையைக் கெடுக்கக்கூடியவை. அதனால் காய்ச்சலுக்குப் பக்கத்து டாக்டரைப் பார்த்தால்கூட என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

பிறப்புறுப்பு வறண்டு எரிவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. தண்ணீர் சார்ந்த உயவுக் களிம்பு மருந்துக்கடையிலேயே கிடைக்கும். ஹார்மோன் கலந்த க்ரீமை மட்டும் நீங்களாக வாங்காதீர்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நர்ஸிடம் நீட்டுங்கள். அவர்களுக்கு இது பழகிப்போன கேள்வி.

லெட்ரோசோல் வகை எலும்பையும் மெலியவைக்கும். எலும்பு அடர்த்தி ஸ்கேன் எப்போது, கால்சியமும் வைட்டமின் டி-யும் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டாமாக்சிஃபென் போடுகிறவர்கள் கவனிக்க: ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ரத்தம் உறைந்திருக்கலாம். நடவு, அறுப்பு எதுவாக இருந்தாலும் போட்டது போட்டபடி உடனே கிளம்புங்கள். மாதவிடாய் நின்றபிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் காட்டுங்கள், கருப்பையைப் பரிசோதிக்க வேண்டியிருக்கும். மாதவிடாய் நிற்கும் வயது ஆகாதவர்களுக்கு, மாத்திரையால் மாதவிடாய் வராமல் போனாலும் கரு தங்கலாம், இந்த மாத்திரை கருவுக்கு ஆகாது. கருத்தடை மாத்திரையும் உங்களுக்குக் கூடாது. ஆணுறையோ காப்பர் டி-யோதான் சரி.

ஒரு வேளை மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள். கடைசி அட்டையைப் பிரிக்கும்போதே அடுத்ததற்கு ஏற்பாடு செய்யுங்கள், மழையில் பாதை அடைபட்டால் திண்டாட்டம். மருந்துச் சீட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள். எந்த நாள் எங்கே வலித்தது, தூக்கம் கெட்டதா என்று காலண்டரிலேயே குறியுங்கள். அதைக் கிழிக்காமல் அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். டாக்டர் எதிரில் உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகிறது.