கொழும்பில் வீடு வாங்கி வாடகைக்கு விடப்போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு, விலை 3 கோடி, மாதம் 120,000 ரூபாய் வாடகை வரும் என்று தரகர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 14 இலட்சத்து 40 ஆயிரம், அதாவது நூற்றுக்கு 4.8 வீதம். இந்த எண்ணை மட்டும் நம்பி யாரும் அட்வான்ஸ் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன். ஒரு கொப்பியை எடுங்கள்.

முதல் படி, வீட்டின் உண்மையான விலை. உறுதி எழுதும்போது முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். 3 கோடிக்கு அது 11 இலட்சத்து 99 ஆயிரம் ரூபாய். இதைக் கேட்டுத் திகைத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். நொத்தாரிசுக் கட்டணமும் காணிப் பதிவகத்தில் உறுதி தேடும் செலவும் தனி. அவற்றை விட்டாலும் நீங்கள் போட்ட முதலீடு 3 கோடியே 12 இலட்சம் ஆகிவிட்டது.

இரண்டாம் படிதான் பெரும்பாலானோர் தவறும் இடம், அதனால் நிதானமாகப் போடுங்கள். வருடத்தில் ஒரு மாதம் வீடு வெறுமையாகக் கிடக்கும் என்றே எழுதுங்கள், அப்போது வரவு 13 இலட்சத்து 20 ஆயிரம். தொடர்மாடியின் பராமரிப்புக் கட்டணம் மாதம் 15,000 என்றால் 180,000, புது ஆள் பிடித்துத் தந்த தரகருக்கு ஒரு மாத வாடகை 120,000, பெயின்ட், குழாய், ஏசி என்று திருத்த வேலைக்கு 60,000, மாநகர சபைக்குக் கட்டும் சோலை வரிக்கு 30,000. (இவை உதாரணத்துக்குத்தான், உங்கள் கட்டடத்தில் கேட்டு உங்கள் எண்களைப் போடுங்கள்.) கையில் நிற்பது 9 இலட்சத்து 30 ஆயிரம். 4.8 வீதம் என்றது 3 வீதத்துக்கும் கீழே வந்துவிட்டது, இன்னும் வருமான வரிக்கே போகவில்லை! வாங்கும் முன், பழைய உரிமையாளர் பராமரிப்புக் கட்டணத்தில் பாக்கி வைத்திருக்கிறாரா என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சோலை வரியை ஜனவரி 31க்குள் முழு வருடத்துக்கும் சேர்த்துக் கட்டினால் கொழும்பு மாநகர சபை 10 வீதம் கழிவு தருகிறது, அதை விடாதீர்கள்.

சரி, மூன்றாவது படி, வருமான வரி. தனிநபர் என்றால் வாடகை வரவில் 25 வீதத்தைத் திருத்த வேலைகளுக்கென்று கழித்துக்கொள்ளலாம், பற்றுச்சீட்டு காட்டத் தேவையில்லை. நம் உதாரணத்தில் மிஞ்சுவது 990,000. 2025 ஏப்ரலில் இருந்து வருடத்துக்கு 18 இலட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18, அடுத்த 5 இலட்சத்துக்கு 24, அப்புறம் 30, கடைசியில் 36. வேறு வருமானமே இல்லாத ஓய்வுபெற்றவர் இந்த வாடகைக்கு வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் மாதம் 2 இலட்சம் சம்பளம் வாங்குபவருக்கு இதே வாடகையால் கூடும் வரி 135,600 ரூபாய். கடைசியில் அவர் கையில் 794,400. வங்கிக் கடனில் வாங்குவதாக இருந்தால் இந்த எண்ணை வருட வட்டிக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

நான்காவது, யாருக்கு விடுகிறீர்கள்? ஒரு கம்பனி எடுத்து, வாடகை மாதம் ஒரு இலட்சத்தைத் தாண்டினால், அவர்களே 10 வீதம் பிடித்து இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டுவார்கள். 120,000க்கு 12,000. இது வீண் போகிற காசு இல்லை, உங்கள் வரியில் கழியும், ஆனால் பிடித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஒப்பந்தத்தை நொத்தாரிசு முன் எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை அப்படி எழுதப்பட்டால்தான் சட்டப்படி செல்லும். தெரிந்த ஆள்தானே என்று நான் ஒருமுறை வெறும் கடதாசியில் எழுதினேன், அவர் போனபோது நான்கு மாதத் தண்ணீர், கரண்ட் பில் என் தலையில். இப்போது மாதாமாதம் பில்லைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

வரி வருடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை, வருமான அறிக்கை கொடுக்கக் கடைசி நாள் நவம்பர் 30. ரின் (TIN) எனும் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் இல்லாவிட்டால் முதல் வாடகை வரும் முன்பே எடுத்துவிடுங்கள்.