க்யூ வந்தால் யூவைத் தேடாதீர்கள்: எழுத்தை வைத்து ஆங்கிலச் சொல் பிடிக்கும் வழிகள்

எழுத்து டைல்களைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் க்யூ என்ற எழுத்து கைக்கு வந்ததும் பலரும் க்யூவில் தொடங்கும் சொற்களை மனத்துக்குள் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கிறார்கள். அது சுற்றுவழி. ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் பழகிய இடம் உண்டு, பழகிய துணை உண்டு. அந்த இடத்தைத் தேடினால் சொல் சீக்கிரம் அகப்படும்.

க்யூவையே எடுத்துக்கொள்வோம், அதன் பழகிய துணை யூ. 100 டைல்கள் உள்ள பையில் க்யூ ஒன்று, யூ நான்கு, எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய வெற்று டைல் இரண்டு. நான்கு யூவும் பலகையில் இறங்கிவிட்டால் க்யூவின் 10 புள்ளியும் கையிலேயே தங்கி, ஆட்ட முடிவில் நம் கணக்கிலிருந்து கழியும். ஆகவே யூ பின்தொடராத க்யூ சொற்களைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். முதலில் க்யூ-ஐ என்ற இரண்டெழுத்துச் சொல். சீன மொழியிலிருந்து வந்தது, உயிராற்றல் என்று பொருள். பலகையில் எங்காவது ஓர் ஐ இருந்து, அதன் முன்கட்டம் காலியாக இருந்தால் பெரும்பாலும் போதும். மற்றவற்றில் பல அரபியிலிருந்து வந்தவை, தமிழர் காதுக்குப் பழகியவை: பக்கீர் என்பது எஃப்-ஏ-க்யூ-ஐ-ஆர், புர்கா என்பது பி-யூ-ஆர்-க்யூ-ஏ. தலாக், நிகாப் இரண்டையும் க்யூ போட்டே எழுதலாம். சந்தை என்று பொருள்படும் எஸ்-யூ-க்யூவும் உண்டு. ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர் பட்டியலாகப் படித்து மனத்தில் ஏற்றும் சொற்கள் நமக்கு அன்றாடப் பேச்சிலேயே கிடைக்கின்றன. இந்த வசதியை விட்டுவிடக் கூடாது.

சொல்லின் கடைசி எழுத்துக்கும் இதே கண்ணோட்டம் உதவும். பழைய ஆங்கிலச் சொற்கள் ஐ-யிலும் ஜே-யிலும் முடிவது அபூர்வம். அப்படி முடிகிறதென்றால் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த சொல். ஜே-யில் முடிய ராஜ், தாஜ், ஹஜ். ஐ-யில் முடிய சாரி, ராணி, இட்லி. தோசைக்கு டி-ஓ-எஸ்-ஏ-ஐ என்ற பன்மை வடிவத்தையும், ஆட்டத்தில் செல்லும் சொற்களைத் தொகுத்த காலின்ஸ் பட்டியல் ஏற்கிறது. உயிரெழுத்துகள் குவிந்து திணறும்போது அது நல்ல வடிகால். வி-க்கு மட்டும் எச்சரிக்கை தேவை: வி உள்ள இரண்டெழுத்துச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. பக்கவாட்டில் ஒட்டி ஆட வி உதவாது என்பதால், இடம் அகலமாகத் திறந்திருக்கும்போதே அதைத் தள்ளிவிடுங்கள்.

ஏழு டைலையும் ஒரே முறையில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல். அதற்குத் தேவை துண்டு பிரிக்கும் பழக்கம். கையில் ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டி இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். டி என்றது டைகரின் முதலெழுத்தை. ஏழையும் ஒன்றாக முறைத்துப் பார்த்தால் எதுவும் தோன்றாது. இ-ஆர் இரண்டையும் வலக்கோடிக்கு ஒதுக்குங்கள். மீதி ஐந்தில் ஸ்டெய்ன் தெரியும், சேர்த்தால் ஸ்டெய்னர். அதே மீதியை வேறு வரிசையில் வைத்தால் நாஸ்டியர். இனி ஆர்-இ இரண்டையும் இடக்கோடிக்கு நகர்த்துங்கள்: ரீடெய்ன்ஸ். ஒரே கையில் மூன்று சொற்கள் கிடைத்துவிட்டன. ஐ-என்-ஜி, இ-டி (இங்கே டி என்றது டாக்கின் முதலெழுத்தை), எல்-ஒய், யூ-என் ஆகியவற்றையும் இப்படியே ஒதுக்கிப் பார்க்க வேண்டும். டைல்களை அகர வரிசையில் அடுக்கி வைத்துவிட்டு யோசிப்பதுதான் இங்கே பெரிய தடை. கண் ஒரே வரிசையில் சிக்கிக்கொள்ளும், கலைத்துக்கொண்டே இருங்கள்.

ஒளித்துவைத்த ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு வாய்ப்புக்குள் கண்டுபிடிக்கும் வேர்டில் ஆட்டத்தில் சிக்கல் வேறு வகை. அங்கே சரியான இடத்தில் உள்ள எழுத்து பச்சையாகும், இடம் மாறியிருந்தால் மஞ்சளாகும், இல்லாத எழுத்து சாம்பலாகும். கடைசி நான்கு எழுத்தும் பச்சையாகி, லைட், நைட், ரைட், சைட், ஃபைட், மைட், டைட், எய்ட் என்று எட்டுச் சொற்கள் மிஞ்சும். ஒவ்வொன்றாகப் போட்டால் ஆறு வாய்ப்புக்குள் முடியாமல் போகலாம். அதற்குப் பதில் விடையாக முடியாத ஒரு சொல்லைப் போடுங்கள்: ஸ்னார்ல். எஸ், என், ஆர், எல் நான்கையும் ஒரே அடியில் சோதித்துவிடும். எதுவும் நிறம் மாறாவிட்டால் அடுத்து ஃப்ளேம். அதில் எஃப் நிறம் மாறினால் ஃபைட், எம் மாறினால் மைட், இ மாறினால் எய்ட், எதுவும் மாறாவிட்டால் டைட். ஹார்டு மோடில் மட்டும் இந்த வழி செல்லாது, கிடைத்த எழுத்துகளை அடுத்த சொல்லிலும் வைத்தே ஆக வேண்டும். இன்னொன்று: இ இரண்டு உள்ள சொல்லைப் போட்டு ஓர் இ மட்டுமே நிறம் பெற்றால், விடையில் இ ஒன்றுதான். சாம்பலான இ-யைப் பார்த்து இ-யே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஆட்டம் இல்லாத நேரத்தில் பட்டியல் தயாரிக்கக் கணினி நல்ல துணை. எனேபிள் என்ற சொற்பட்டியல் இலவசம், ஏறத்தாழ 1,73,000 சொற்கள் கொண்டது. எக்செலில் ஒரே நிரலில் ஒட்டி வடிகட்டலாம். ஐந்தெழுத்துச் சொற்கள் வேண்டுமானால் ஐந்து கேள்விக்குறி போட்டு ‘சமம்’ என்ற நிபந்தனையைத் தேர்ந்தெடுங்கள். ‘கொண்டுள்ளது’ என்பதைத் தேர்ந்தால் ஐந்துக்கு மேற்பட்டவையும் வந்து குவியும்.

எழுத்துகளின் வடிவத்தைக் கொடுத்துச் சொல் தேடும் ரெஜெக்ஸ் முறை தெரிந்தவர்களும் தவறும் இடம் ஒன்று உண்டு. ‘க்யூவை அடுத்து யூ அல்லாத ஓர் எழுத்து’ என்று வடிவம் எழுதினால் பக்கீர் வரும், தலாக் வராது. ஏனென்றால் அந்த வடிவம் க்யூவுக்குப் பின் ஓர் எழுத்தைக் கட்டாயம் கேட்கிறது, தலாக் க்யூவிலேயே முடிந்துவிடுகிறது. ‘அல்லது வரியின் முடிவு’ என்றும் சேர்க்க வேண்டும். சேர்க்காமலே தலாக் வந்துவிட்டால் கோப்பைச் சந்தேகப்படுங்கள்: விண்டோஸில் சேமித்த கோப்புகளில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி கூடுதலாக இருக்கும். சில கருவிகள் அதையே கடைசி எழுத்தாக எடுத்துக்கொள்ளும். யூ உள்ள சொற்களையே மொத்தமாக நீக்குவதும் தவறு, புர்காவும் சேர்ந்து போய்விடும். ஏ, ஆர், என் மூன்றும் எந்த வரிசையிலாவது வர வேண்டுமென்றால் மூன்று முறை தனித்தனியாக வடிகட்டுங்கள். ஒரே வடிவத்தில் மூன்றையும் அடுத்தடுத்து எழுதினால் எழுதிய வரிசையில் வருபவை மட்டுமே சிக்கும்.

மனப்பாடத்தைத் தொடங்குமுன், எந்தப் பட்டியலில் ஆடப்போகிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வட அமெரிக்கப் போட்டிகளில் ஒரு பட்டியல், மற்ற பெரும்பாலான நாடுகளில் காலின்ஸ். இசட்-ஓ காலின்ஸில் செல்லும், வட அமெரிக்கப் பட்டியலில் செல்லாது. சி உள்ள இரண்டெழுத்துச் சொல்லும் அப்படித்தான்: சி-எச் என்ற ஒன்றே ஒன்று, அதுவும் காலின்ஸில் மட்டும்.