முழங்கால் மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு வாளிக் குளியல்

முழங்கால் மாற்றப் போகிறேன் என்றால் எல்லோரும் செலவு எவ்வளவு, வலி எப்படி என்றுதான் விசாரிக்கிறார்கள். உங்கள் வீட்டுக் குளியலறை எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு இரண்டு முழங்காலும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றியாயிற்று. நடக்க ஆஸ்பத்திரியிலேயே பழக்கிவிடுகிறார்கள். குளிக்க யாரும் பழக்குவதில்லை. வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுத்த சிறு புத்தகத்தில் குளியல் தொட்டிக்குள் காலை எப்படி எடுத்துவைப்பது என்று படம் போட்டிருந்தது. கும்பகோணத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டில் தொட்டி இருக்கிறது? வாளியும் மக்கும்தான். அதனால் வாளிக் குளியலுக்கு ஏற்றபடியே எழுதுகிறேன்.

ஏற்பாடுகளை ஆபரேஷனுக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஊன்றுகோலோடு வந்து நின்றுகொண்டு பிளம்பரைத் தேடக் கூடாது.

முதலில் சுவர்க் கைப்பிடி. துண்டு போடும் கம்பி ஆள் பாரம் தாங்காது, அதைப் பிடித்து எழுந்தால் கம்பியோடு விழவேண்டியதுதான். டைல்ஸில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கைப்பிடி கடையில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஈரத்தில் எப்போது விடும் என்று சொல்ல முடியாது. சுவரில் துளை போட்டு போல்ட் முடுக்கிய ஸ்டீல் பிடி மட்டுமே நம்பகமானது. நிற்கும்போது பிடிப்பதற்குத் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரம் சரியாக இருக்கும். எங்களுடையது சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய பழைய சுவர். போல்ட் பிடிக்குமா என்று சந்தேகம். என் மகன் தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்த பிறகுதான் பிளம்பருக்குக் கூலி கொடுத்தான். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அடுத்தது உட்காரும் இடம். முக்காலி, பலகை, குட்டை ஸ்டூல் எதுவும் கூடாது. உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். நாற்காலிக்கு இரண்டு பக்கமும் கை வேண்டும், காலில் ரப்பர் புஷ் வேண்டும். கமோடு நாற்காலி ஒன்று வாங்கினால் குளிக்கவும் அதுவே ஆகும். நடுவில் உள்ள சட்டியை எடுத்துவிட்டு இந்தியன் கக்கூஸ் மேலேயே போட்டுக்கொள்ளலாம், வெஸ்டர்ன் கமோடு தாழ்வாக இருந்தால் அதன் மேலும் போடலாம். உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி, துருப்பிடிக்காத அலுமினியம் அல்லது ஸ்டீலில் வாங்குங்கள். பெயின்ட் அடித்த இரும்பு நம் வீட்டு ஈரத்தில் சீக்கிரம் உரிந்துவிடும். வாங்க மனமில்லையென்றால் சர்ஜிகல் கடைகளில் முன்பணம் வாங்கிக்கொண்டு மாத வாடகைக்குத் தருகிறார்கள். அதற்கும் வழியில்லையா, ஒரே அச்சில் வார்த்த, கை வைத்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுங்கள். உயரமும் கூடும், உறுதியும் கூடும். விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரப்பர் விரிப்பின் மேல் போடுங்கள், இல்லாவிட்டால் வழுக்கும்.

கடப்பைக் கல் தரை என்றால் பாசியும் சோப்புக் கறையும் போகத் தேய்த்துக் கழுவி, வழுக்காத ரப்பர் விரிப்புப் போடவேண்டும். வாசலில் கிடக்கும் துணி மிதியடியைத் தூக்கி எறியுங்கள். வாக்கரின் கால் அதில்தான் முதலில் மாட்டும்.

இனி எப்போது குளிக்கலாம்? இதை உங்கள் டாக்டர்தான் சொல்லவேண்டும். தண்ணீர் புகாத கட்டுப் போட்டிருந்தால் சிலரைச் சீக்கிரமே குளிக்க விடுகிறார்கள். சாதாரணக் கட்டு என்றால் தையலோ ஸ்டேப்பிள் பின்னோ எடுக்கும்வரை, பொதுவாக 10 முதல் 14 நாள், ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதுதான். அந்த நாட்களில் தலைக்கு மட்டும் ஊற்றிக்கொள்கிறேன் என்று கிளம்பாதீர்கள், தண்ணீர் வழிந்து காலுக்குத்தான் வரும். கட்டு நனைந்துவிட்டால் நாளைக்குப் பார்ப்போம் என்று விடாமல் அன்றே போன் செய்து கேளுங்கள்.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகு நான் கடைப்பிடித்த முறை இது.

வலி மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துக் குளியல். பயிற்சி முடித்த கையோடு போகக் கூடாது, கால் தளர்ந்து போயிருக்கும். மாத்திரையால் தலை சுற்றினால் அன்றைக்கு ஈரத்துணியே போதும். உள்ளே போவதற்கு முன்பே வெந்நீர் விளாவி, மாற்றுத் துணி, துண்டு எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் வைத்தாகவேண்டும். சூட்டை இன்னொருவர் கையால் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது நீங்களே கையால் பாருங்கள். காலில் ஊற்றிப் பார்க்காதீர்கள். ஆபரேஷன் தழும்பின் வெளிப்பக்கத் தோல் பலருக்கும் மரத்துப் போயிருக்கும், சுட்டாலும் தெரியாது. ஐஸ் ஒத்தடத்துக்கும் இதே காரணம்தான்: துணி சுற்றி, 15, 20 நிமிடத்துக்குமேல் வைக்காமல் எடுத்துவிட வேண்டும்.

வாளியைத் தரையில் வைத்தால் ஒவ்வொரு மக்குக்கும் குனிய வேண்டும். உறுதியான ஸ்டூல் மேல் வையுங்கள். நல்ல கால் பக்கமாக, உட்கார்ந்தபடி கை நீட்டினால் எட்டும் தூரத்தில். கைஷவர் பொருத்த முடிந்தால் இன்னும் சுலபம், ஆனால் வாளியே போதும். சோப்புக் கட்டி வழுக்கி விழுந்தால் எடுக்க முடியாது, எனவே நூல் வலைப் பையில் போட்டு நாற்காலிக் கையில் கட்டிவிடுங்கள்.

எங்கள் குளியலறை கொல்லைப்புறம். நிலைப்படி ஒன்று குறுக்கே நிற்கும், உள்ளே தரை ஒரு படி தாழ்வு. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த கணக்கு இதற்குத்தான்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில், வாக்கர் இரண்டுக்கும் முன்னால். இரண்டு காலும் ஒரே தடவையில் செய்துகொண்டவர்கள் வலி குறைந்த காலை நல்ல காலாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போய்த் திரும்பி, பின்னால் நகர்ந்து, நாற்காலி விளிம்பு காலில் படும்வரை உட்காராதீர்கள். பட்டதும் ஆபரேஷன் காலை முன்னே நீட்டி, நாற்காலிக் கைகளைப் பிடித்து மெதுவாக இறங்குங்கள். எழும்போதும் நாற்காலியை அழுத்தித்தான் எழ வேண்டும். வாக்கரைப் பிடித்து இழுத்தால் அது நம் மேல் சாயும்.

தாழ்ப்பாள் போடாதீர்கள். கதவைச் சாத்தி, வெளியே ஒருவர் காது கொடுத்துக்கொண்டு இருந்தால் போதும். முதல் சில குளியலுக்கு உள்ளேயே ஆள் வேண்டும், அது யார் என்பதையும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மருமகளைக் கூப்பிடக் கூச்சமாக இருந்தது, வீட்டுக்காரர்தான் வந்தார். தண்ணீர் ஊற்றச் சொன்னால் சட்டை நனைகிறது என்று புலம்பினார். இருந்தாலும் முதுகு நன்றாகத் தேய்த்துவிட்டார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

காயத்தின் மேல் சோப்பு நீர் வழிந்து போகலாம், தேய்க்கக் கூடாது. தனியாக ஒரு சுத்தமான துண்டால் ஒற்றி எடுங்கள். பாதத்தைக் குனிந்து கழுவ வேண்டாம், நீளக் கைப்பிடி பிரஷ் இருந்தால் சரி, இல்லாவிட்டால் உதவிக்கு வந்தவர் பார்த்துக்கொள்ளட்டும். “அண்ணி, கொஞ்சம் மஞ்சள் குழைச்சுப் போட்டா சீக்கிரம் ஆறிடும்” என்று என் நாத்தனார் கிண்ணத்தோடு வந்து நின்றாள். அவள் மனசு கோணாமல் திருப்பி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மஞ்சள், எண்ணெய், பவுடர், விபூதி எதுவும் ஆறாத காயத்தில் படக் கூடாது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும். எண்ணெயும் சீயக்காயும் தரையில் கலந்தால் ரப்பர் விரிப்பும் காப்பாற்றாது.

தலையை முன்னால் கவிழ்த்து முடியை உதறும் பழக்கத்தை விட்டு, உட்கார்ந்தபடியே துவட்டுங்கள். உடை மாற்றுவதும் உட்கார்ந்துதான். பாவாடையோ பைஜாமாவோ, போடும்போது ஆபரேஷன் கால் முதலில், கழற்றும்போது அது கடைசியில். கணுக்காலுக்கு மேல் நிற்கிற நைட்டி நல்லது. புடவைக் கொசுவமும் வாக்கரும் ஒத்துப்போகாது. வெளியே வருமுன் வாக்கர் காலின் ரப்பர் புஷ்களைத் துடையுங்கள், தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். சின்ன செலவுதான்.

வீட்டுக்குள் வேறென்ன வேண்டும்? வாக்கரின் பிடி, கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்கு வரவேண்டும். முன்பக்கம் ஒரு துணிப்பை கட்டுங்கள், போனும் தண்ணீர் பாட்டிலும் அதில் பயணம் செய்யும். கட்டில் தாழ்வாக இருந்தால் கனமான மெத்தை போட்டு உயர்த்தலாம். தாழ்வான சோபாவும் ஊஞ்சலும் வேண்டாம். கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை ராத்திரி விளக்கு எரியட்டும். கீழே விழுந்ததை எடுக்கும் நீளக் கிடுக்கி எனக்கு மிக உபயோகமாக இருந்தது. மசாஜ் மெஷின், காந்த பெல்ட் என்று உறவுக்காரர்கள் வாங்கித் தருவதைப் பெட்டி பிரிக்காமல் வைத்துவிடுங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டால் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால் முழுசாக நீளாமல் போய்விடும். தலையணையைக் குதிகால் பக்கம் வையுங்கள்.

குளம், ஆறு, நீச்சல் குளத்தில் இறங்குவது காயம் முழுவதும் மூடி டாக்டர் சம்மதித்த பிறகுதான். 2028 மகாமகத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, அவசரமில்லை.

தினமும் குளித்து முடித்ததும் காயத்தை ஒருவர் வெளிச்சத்தில் பார்க்கட்டும். சிவப்பு பரவினாலோ, நீரோ சீழோ கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். கெண்டைக்கால் புதிதாக வீங்கி வலித்தாலும் அன்றே காட்ட வேண்டும், இரத்தம் உறைந்திருக்கலாம். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வாக்கர் போய், கைத்தடி போய், கடைசியாகத்தான் குளியல் நாற்காலியை விடவேண்டும். நான் வாடகை நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சுவர்க் கைப்பிடியைக் கழற்றவில்லை, இப்போது வீட்டுக்காரரும் அதைப் பிடித்துத்தான் இறங்குகிறார்.