கதை மேசையில் கைபேசி: கவனம் சிதறும்போது நடந்துகொள்ள வேண்டிய முறை

சதுரங்கத்தில் ஒருவர் இரண்டு நிமிடம் கைபேசியைப் பார்த்துவிட்டுத் திரும்பினாலும், பலகையைப் பார்த்தே நடந்ததைத் தெரிந்துகொள்ளலாம். கேரமிலும் அப்படித்தான். ஆனால் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போல ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பேசி ஆடும் மேசை விளையாட்டுகளில் ஆட்டம் முழுவதும் பேச்சிலேயே நிகழ்கிறது. ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்கவில்லை என்றால், அந்தக் காட்சி அவருக்கு நடக்கவே இல்லை. மறுபடி சொல்லச் சொன்னால், சொன்னவருக்கும் அதன் சூடு ஆறிவிடுகிறது. கைபேசியைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு இதுதான் காரணம்.

குன்னூரில் நாங்கள் ஏழு பேர் ஞாயிறுதோறும் பிற்பகல் 2 மணிக்குக் கூடுகிறோம். ஆட்டத்தை நடத்தும் டி.எம். (டன்ஜன் மாஸ்டர்) நான். ஜூலை மாத மழை தகரக் கூரையில் இறைந்துகொண்டிருந்த ஒரு நாள், எங்களில் மிக இளையவரான கல்லூரி மாணவி, தன் பாத்திரமான திருடியின் குரலில், தன்னை வளர்த்த கோட்டைக் காவலரிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். வாரக்கணக்காக வாய் திறக்கவே தயங்கியவர் அவர். இரண்டாவது வாக்கியத்தின் நடுவில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு ரீல்ஸின் பாட்டு உரக்க ஒலித்தது. ஒலியை உடனே அணைத்துவிட்டார்கள். ஆனால் அந்த மாணவி கையிலிருந்த பகடையை மெதுவாகக் கீழே வைத்து, “சரிக்கா, நான் உள்ள போறேன், அவ்ளோதான்” என்றார். அதன்பின் மூன்று வாரம் அவர் பாத்திரத்தின் குரலில் பேசவே இல்லை. அன்று தொலைந்தது ஒரு நிமிடம்தான் என்று நான் இன்றுவரை எண்ணவில்லை.

இதனால் எல்லாக் கைபேசிகளையும் ஒரு கூடையில் போட்டுவிடலாம் என்று தோன்றும். அது இந்த மலைக்கு ஒத்துவராது. மழைக்காலத்தில் சாலையில் மரம் விழுகிறது, மண் சரிகிறது. மாலையில் வீட்டுப் பாதையில் காட்டெருமை நிற்கிறது, கோத்தகிரிப் பக்கம் என்றால் கரடி வருகிறது என்று அக்கம்பக்கத்தார் அழைத்துச் சொல்கிறார்கள். அருவங்காட்டுத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவரும், தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போகிறவரும், வயதான பெற்றோரைத் தனியே விட்டு வருபவரும் தொடர்பை அடியோடு அறுத்துக்கொண்டு உட்கார முடியாது. நானே ஒருமுறை இதில் தவறினேன். எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி நிமிடத்துக்கொரு முறை கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, எல்லார் முன்னிலையிலும், “ஆட விருப்பமில்லன்னா சொல்லிடுப்பா” என்று கடிந்துவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். தேநீர் இடைவேளையில்தான் தெரிந்தது: மேட்டுப்பாளையத்திலிருந்து அவருடைய அப்பா வந்துகொண்டிருந்த பேருந்து, பர்லியாறுக்கு மேலே மண் சரிந்ததால் வழியில் நின்றிருக்கிறது. கேட்காமல் கடிந்துகொண்ட அந்தச் சொல்லுக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்துதான் ஆட்டம் தொடங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் எங்களுக்கு வந்தது.

ஆட்டத்துக்கு முன் பேசிக்கொள்ள வேண்டியவை

புதிய கதையைத் தொடங்குவதற்கு முன்னால் எல்லாரும் கூடிப் பேசும் ‘செஷன் ஜீரோ’ அமர்விலேயே கைபேசியைப் பற்றியும் பேசி முடிவு செய்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு வாரமும் பகடையைத் தொடும் முன், “இன்று யாருக்கு முக்கியமான அழைப்பு வரலாம்?” என்று ஒருமுறை கேட்டால் போதும்; காரணத்தைத் துருவ வேண்டாம், “எனக்கு வரலாம்” என்ற ஒரு சொல்லே போதுமானது. அப்படிச் சொன்னவர் கதவுக்கு அருகில் அமரட்டும். அழைப்பு வந்தால் மற்றவர்களைத் தாண்டாமல் எழுந்து போகலாம். அவர் இல்லாதபோது அவருடைய பாத்திரம் என்ன செய்யும், அதற்காக யார் பகடை உருட்டுவார் என்பதையும் முன்பே சொல்லி வைக்க வேண்டும். எங்கள் மேசையில் எழுந்து போகிறவருடைய ஆள் கதைக்குள் வாசலில் காவல் நிற்பார்; அவர் திரும்பும்வரை அந்தப் பாத்திரத்துக்கு எந்தத் தீங்கும் நேராது.

மற்றவர்கள் கைபேசியை முழுவதும் அணைக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உள்ள ‘டூ நாட் டிஸ்டர்ப்’ அமைப்பில், குறிப்பிட்ட சிலருடைய அழைப்பு மட்டும் ஒலிக்குமாறு செய்யலாம். அதே எண்ணிலிருந்து உடனே மீண்டும் அழைத்தால் ஒலிக்கவிடும் வசதியும் இருக்கிறது: ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் வரும் இரண்டாம் அழைப்பு தடையைத் தாண்டி வரும். “அவசரம்னா ரெண்டு தடவை கூப்பிடுங்க” என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தால், மனமும் மேசையிலேயே இருக்கும். இதைச் செய்து கொடுத்த பிறகு எங்களில் பாதிப் பேர் கைபேசியைத் தொடுவதையே மறந்துவிட்டார்கள். அவர்களுக்கு இருந்தது ஆசையைவிட அச்சம்தான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஒப்புக்கொண்டதை இரண்டு மூன்று வரியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். படை அதிகாரி நெவில் சேம்பர்லைன் 1875-இல் ஜபல்பூரில் ஆடத் தொடங்கிய ஸ்னூக்கருக்கு விதிகள் எழுதி மாட்டப்பட்டது, 1880களில், எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் உதகை கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான். சுவரில் இருக்கும் விதியை யாரும் யாருக்கும் நினைவூட்டிப் பகைத்துக்கொள்ள வேண்டியிருக்காது.

மேசைக்கு வேண்டிய கருவிகள்

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது மேசையில் தாளும் பென்சிலும் பகடையும் மட்டுமே இருந்தன. இன்று அப்படிக் கேட்பது நியாயமாகாது. 2014-இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோதே அடிப்படை விதிகள் இலவசமாகக் கிடைத்தன. 2023 ஜனவரியில் அதன் விதித் தொகுப்பு, யாரும் இலவசமாகப் பகிர்ந்து பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளிவந்தது. அச்சு நூல்களை விலை கொடுத்து வாங்க முடியாத மாணவர்கள் அதைக் கைபேசியில்தான் படிக்கிறார்கள். இந்த ஆட்டத்துக்கான டி அண்ட் டி பியாண்ட் செயலியில் கேரக்டர் ஷீட் (பாத்திரத்தின் திறன்களைக் குறித்த தாள்) வைத்திருப்பவர்களும், கண்பார்வை குறைந்து எழுத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அத்தகைய கருவியைக் குறை சொல்லாதீர்கள். திரை மேல்நோக்கி எல்லார் கண்ணிலும் படும்படி மேசைமேல் இருக்கட்டும், மடியில் வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மேசைக்கு மேலே இருக்கும் திரை ஆட்டத்தின் பகுதியாகிவிடும்.

ஆனாலும் ஒரு தாள் பிரதி கட்டாயம் வேண்டும். காற்று வீசும் மாதங்களில் இங்கே மின்சாரம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சார்ஜ் தீர்ந்த கைபேசியோடு ஒருவருடைய வீரரும் மந்திரங்களும் மறைந்துவிடக் கூடாது.

படம் எடுப்பதற்கும் ஒழுங்கு உண்டு. கேட்காமல் எடுக்காதீர்கள்; எடுத்ததைக் கேட்காமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். பாத்திரத்துக்குள் மூழ்கி அழுத முகத்தை அலுவலகத்தார் பார்ப்பதை யாரும் விரும்புவதில்லை.

கவனம் ஏன் சிதறுகிறது

ஆட்டத்தை நடத்துபவர்கள் இந்தப் பகுதியைக் கூர்ந்து படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒருவர் கைபேசியை எடுக்கும் நொடியைக் கவனித்தால், பெரும்பாலும் அது அவருடைய முறை முடிந்த நொடியாக இருக்கும். சண்டைக் காட்சியில் கதைக்குள் ஒரு சுற்று என்பது 6 நொடி மட்டுமே. மேசையிலோ, ஆறு பேர் ஆடுகிறார்கள், ஆளுக்கு 3 நிமிடம், பகைவர்களுக்காக டி.எம். எடுப்பது 5 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஒருவர் தன் முறை முடிந்து அடுத்த முறைக்காக 20 நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அந்த இருபது நிமிடத்தில் கை கைபேசியைத் தேடினால் குற்றம் கையின்மேல் மட்டும் இல்லை.

அதைக் குறைக்க வழிகள் உண்டு. ஒருவருடைய முறை வரும்போதே, “அடுத்தது நீங்கள்” என்று மற்றவருக்கும் சொல்லுங்கள். மந்திரத்தின் விதியைத் தேடுவதை அவர் அப்போதே முடித்துவிடுவார். அடி பட்டதா என்று சொல்லும் தாக்குதல் பகடையையும், எவ்வளவு பட்டது என்று சொல்லும் சேதப் பகடையையும் ஒன்றாக உருட்டச் சொல்லுங்கள். பத்துப் பூதங்கள் வந்தால் பத்துக்கும், யாருடைய முறை எப்போது என்று காட்டும் இனிஷியேட்டிவ் எண் ஒன்றே போதும். கூட்டம் இரண்டாகப் பிரிந்து போகும் காட்சிகளில், காத்திருக்கும் அணியிலிருந்து ஒருவரிடம் கடைக்காரரின் பாத்திரத்தையோ காவலரின் பாத்திரத்தையோ கொடுத்துப் பேச வைக்கலாம். ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் ஒரு பக்கத்திலேயே நின்றுவிடக் கூடாது. இவற்றைச் செய்தபின் எங்கள் சண்டைகளின் நேரம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கைபேசியைப் பற்றி நான் அதிகம் பேச வேண்டியும் இருக்கவில்லை.

கண் வேறிடத்தில் இருப்பவரெல்லாம் கேட்காதவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எங்கள் மேசையில் ஓர் ஆசிரியை ஆட்டம் முழுவதும் கம்பளி நூலில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பார். ஊசியை விட்டு அவர் தலை நிமிர்வதே அரிது. ஆனால் நான்கு வாரத்துக்கு முன் ஒரு வழிகாட்டி சொன்ன ஊர்ப் பெயரை நினைவில் வைத்திருந்து, அவன் பொய் சொல்கிறான் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். கை எதையாவது செய்தால்தான் சிலருக்குக் காது திறக்கும். படம் வரைவதும் பகடையை அடுக்குவதும் அப்படித்தான். திரையில் எழுத்து ஓடும்போது மட்டும் அது சொல்லோடு போட்டியிடுகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தால் வீண் கண்டிப்புகள் பல குறையும்.

எப்படிச் சொல்வது

முதலில் நடத்துபவர் தன் கைபேசியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். மடிக்கணினித் திரைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு மற்றவர்களுடைய கவனத்தைக் கேட்க முடியாது.

அடுத்து, கடிந்துகொள்ளாமல் கதைக்குள் அழையுங்கள். நம் வழக்கத்தில் வயதில் மூத்தவரை இளையவர் எல்லார் முன்னிலையிலும் திருத்துவது இருவருக்கும் சங்கடம். எங்கள் கூட்டத்தில் என்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஒருவர் இருக்கிறார். செய்தி படிக்கும் பழக்கம் அவரை விடாது. அவரிடம் நான் கைபேசியின் பெயரையே எடுப்பதில்லை. “அண்ணா, அந்தக் கதவு லேசா அதிருது. உங்க ஆளு பக்கத்துலதானே நிக்கிறாரு, என்ன செய்றாரு?” என்பேன். கேள்வியில் காட்சியின் நிலை முழுவதும் அடங்கியிருப்பதால், கவனிக்காதவர் என்ற அவப்பெயர் இல்லாமல் அவரால் பதில் சொல்ல முடிகிறது. “இப்ப நான் என்ன சொன்னேன்?” என்று வகுப்பறைக் கேள்வி கேட்பதை அறவே விட்டுவிடுங்கள்.

இப்படிப் பல முறை அழைத்தும் மாறவில்லை என்றால் இடைவேளையில் தனியே பேசுங்கள். முதல் வாக்கியம் கேள்வியாக இருக்கட்டும்: வீட்டில் ஏதாவது சிரமமா, கதையில் உங்கள் பாத்திரத்துக்கு வேலை குறைவாக இருக்கிறதா? அதன்பின், மேசையில் பேசிக்கொண்டிருப்பவருக்கு அது எப்படி வலிக்கிறது என்பதைச் சொல்லுங்கள். சிலருக்கு நான்கு மணி நேரக் கதை ஒத்துவராது. அவர்களை இரண்டு மணி நேரத்தில் முடியும் ஆட்டத்துக்கு அழைக்கலாம், நட்புக்கும் குறைவு வராது.

கைபேசிக்கென்று நேரமும் ஒதுக்குங்கள். ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஒருமுறை 10 நிமிடம் நிறுத்தி, தேநீரும் வர்க்கியும் வைத்தால், எல்லாரும் தாராளமாகத் திரையைப் பார்க்கலாம். கைத்துகளைத் துடைத்துவிட்டுப் பகடைக்குத் திரும்புங்கள்.

கடைசி அரைமணி நேரத்தில் எல்லார் கண்ணும் கடிகாரத்துக்கும் கைபேசிக்கும் போவது இயல்பு. கடைசிப் பேருந்தும் இருட்டும் பாதையில் நிற்கக்கூடிய காட்டெருமையும் நினைவுக்கு வரும் நேரம் அது. ஆறு மணி என்று சொன்னால் ஆறு மணிக்கே முடித்துவிடுங்கள், பூதம் பாதி உயிரோடு இருந்தாலும். எங்கள் வழக்கத்தில் வீடு சேர்ந்த ஒவ்வொருவரும் குழுவில் ஒரு செய்தி அனுப்ப வேண்டும். ஆறு பேருடைய செய்தியும் வரும்வரை, பகடைகளை எடுத்து வைத்துவிட்ட அந்த மேசைமேல், என் கைபேசி திரை மேல்நோக்கி இருக்கும்.