வெளிநாட்டிலிருந்து வள்ளமும் எஞ்சினும் தருவிப்போருக்கு

முல்லைத்தீவிலோ நாச்சிக்குடாவிலோ கடற்றொழில் செய்யும் ஒருவருக்கு வெளிநாட்டு உறவினர் “ஒரு போட் அனுப்பிவிடுகிறேன்” என்று சொன்னால், அவரிடம் முதலில் கேட்கவேண்டியது படகின் நீளத்தையும் எஞ்சின் எந்த எண்ணெயில் ஓடும் என்பதையுமே. விலையைப் பிறகு கேட்கலாம்.

20 அடிக் கொள்கலனின் உட்புற நீளம் ஏறக்குறைய 5.9 மீற்றர், அகலம் 2.35 மீற்றர் ஆகையால், 18 அடி கண்ணாடியிழை வள்ளம் அதற்குள் மட்டுமட்டாக அடங்கும். 23 அடிப் படகென்றால் 40 அடிக் கொள்கலன் தேவைப்படும் என்பதோடு, அதில் மிஞ்சும் வெற்றிடத்துக்கும் சேர்த்தே கப்பற்கூலி கட்டவேண்டியிருக்கும். வள்ளத்தை உள்நாட்டிலேயே வாங்கிக்கொண்டு எஞ்சினை மட்டும் தருவிப்பதே இலாபம் என்பது என் முடிவு.

எஞ்சின் விடயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெற்றோலில் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுவது நம் கரையின் வழக்கம். அதற்கென அமுக்க விகிதம் குறைத்துச் செய்யப்பட்ட எஞ்சின் வேறு, ஐரோப்பாவில் உல்லாசப் படகுகளுக்கு விற்கப்படும் ஃபோர் ஸ்ட்ரோக் பெற்றோல் எஞ்சின் வேறு. என் மைத்துனர் ஆசையோடு அனுப்பிய 15 குதிரைவலு எஞ்சின் பெற்றோலை மட்டுமே குடிப்பது; போதாக்குறைக்கு புறொப்பெல்லர் வரை இறங்கும் அதன் தண்டு 15 அங்குலம், எங்கள் வள்ளத்தில் எஞ்சின் பூட்டும் பின்பலகைக்கோ 20 அங்குலத் தண்டு வேண்டும். பூட்டி ஓட்டியபோது புறொப்பெல்லர் தண்ணீரைத் தள்ளாமல் காற்றைக் குடித்து அலறியது. இதற்குப் பயந்து தேவைக்கு மிஞ்சிய நீளத்தண்டு எடுத்தால் நந்திக்கடல் போன்ற ஆழமில்லாத களப்பில் சேற்றை உழவேண்டிவரும். ஆகவே பின்பலகையின் உயரத்தை நீங்களே அளந்து, எழுதி அனுப்புங்கள்.

பழைய படகாயின், அனுப்புபவர் ஒரு நாணயத்தை எடுத்துப் பின்பலகை முழுவதையும் தட்டிப் பார்க்கட்டும். கணீரென்ற ஓசை வந்தால் உள்ளிருக்கும் பலகை உறுதியாக இருக்கிறது. மந்தமாக ஒலிக்கும் இடத்தில் தண்ணீர் புகுந்து பலகை உக்கியிருக்கக்கூடும். எஞ்சினைக் கழற்றிய பின் ஆணித்துளைகளில் ஈரம் கசிகிறதா என்று பார்ப்பதும் அவசியம். புதிதாகப் பூசிய மை நல்ல அறிகுறியன்று.

கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே கடதாசி வேலை முடிந்திருக்க வேண்டும். எந்தப் பொருளுக்கு இறக்குமதி அனுமதிப்பத்திரம் தேவை என்பது வர்த்தமானி அறிவித்தல்களால் மாறிக்கொண்டே இருப்பதால், இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்ற பிறகே முற்பணம் அனுப்புங்கள். பணம் வங்கி வழியாகவே செல்லட்டும். வங்கிக்கு வெளியே கைமாறும் உண்டியல் வழியில் போன காசுக்குச் சுங்கத்தில் காட்ட ஒரு துண்டும் இராது. பொருளின் விலை, காப்புறுதி, கப்பற்கூலி ஆகிய மூன்றும் சேர்ந்த தொகையின் மீதே தீர்வை கணிக்கப்படுவதால், “பற்றுச்சீட்டில் விலையைக் குறைத்துப் போடுவோம்” என்ற யோசனை, அகப்பட்டால் பொருளையே பறிகொடுக்கச் செய்யும். விலைப்பட்டியலிலும் பி.எல். எனப்படும் கப்பற் சரக்குச் சீட்டிலும் எஞ்சின் இலக்கம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஓரிலக்கம் மாறினாலும் அதைத் திருத்தி முடியும் வரை கொழும்புத் துறைமுகத்தில் தாமதக் கூலி நாள்தோறும் ஏறும்.

நடுக்கடலில் கைமாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அத்துடன் நிறுத்திவிடுங்கள். 1974, 1976 உடன்படிக்கைகள் இந்தியாவுக்கும் நமக்கும் இடையில் கடல் எல்லையை வகுத்திருக்கின்றன. அதைத் தாண்டிச் சுங்கம் அறியாமல் வரும் பொருள் கடத்தற்பொருளே. எல்லை தாண்டிப் பிடிபட்டு ஏலத்தில் வரும் இந்திய இழுவைப்படகுகள் வேறு கதை. 2022 பெப்ரவரியில் காரைநகர், கிராஞ்சி, தலைமன்னார் உள்ளிட்ட இடங்களில் நடத்தவென அவற்றுக்கு ஏலம் அறிவிக்கப்பட்டது. அப்படி வாங்கினாலும் 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்திருப்பதால், அந்தத் தொழிலுக்கு அதை இறக்க முடியாது. மரத்துக்கும் இரும்புக்கும் எஞ்சினுக்கும் உரிய பெறுமதியை மட்டும் கணக்கிட்டு விலை கேளுங்கள்.

நம் படகை வெளிநாட்டவருக்கு விற்பது அரிது. விற்பதானால் கடற்றொழில் திணைக்களப் பதிவை நீக்கிய பின், சுங்க ஏற்றுமதிப் பத்திரத்துடன் மட்டுமே அனுப்பவேண்டும்.

பொருள் ஊருக்கு வந்ததும் சுங்கப் பத்திரங்களின் பிரதிகளோடு மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்திற்குச் சென்று பதிவுக்கு விண்ணப்பியுங்கள். பத்திரங்கள் இங்கு தொழில் செய்பவரின் பெயரிலேயே இருப்பது நல்லது. எஞ்சினின் பிடிப்பில் பதித்துள்ள சிறு தகட்டின் மேல் மை பூசிவிடாதீர்கள். பரிசோதகர் கரைக்கு வந்து, உப்புப் படிந்த அந்தத் தகட்டைப் பெருவிரலால் துடைத்து இலக்கத்தை வாசிக்கும்போது அது தெளிவாகத் தெரியவேண்டும்.