போர் தண்ணீருக்கு சாஃப்ட்னர்: வாங்கும் முன் போடவேண்டிய கணக்கு

குழாயில் வெள்ளைப் படிவு, நுரை வராத சோப்பு, அடிக்கடி பழுதாகும் கீசர் காயில். இவற்றுக்குக் காரணம் தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும். இதைத்தான் கடினத்தன்மை என்கிறோம்; அதை நீக்கும் கருவிதான் சாஃப்ட்னர். விற்க வருபவர் டிடிஎஸ் மீட்டரை முக்கிக் காட்டுவது வேறு எண். கரைந்த எல்லா உப்புகளையும் சேர்த்துச் சொல்வது. கடலோர போர்களில் டிடிஎஸ் எகிறுவது பெரும்பாலும் சோடியம் குளோரைடால், அதாவது சமையல் உப்பால். சாஃப்ட்னர் அதை எடுக்காது, டிடிஎஸ்ஸையும் குறைக்காது.

ஆகவே முதலில் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலோ தனியார் ஆய்வகத்திலோ கடினத்தன்மை, இரும்பு, டிடிஎஸ் மூன்றையும் பார்த்துவிடுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி. வரை நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம்.

சாஃப்ட்னரின் அளவைத் தீர்மானிப்பது அதிலுள்ள ரெசின்தான்; கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும் சிறு மணிகள் அவை. ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 4 பேர் நாளுக்கு 540 லிட்டர் செலவழிக்கிறார்கள், கடினத்தன்மை 500 என்றால் தினம் 270 கிராம். 25 லிட்டர் ரெசின் நாலரை நாளில் நிறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் அதை உப்புத் தண்ணீரால் கழுவி மறுபடி தயாராக்க நாலு கிலோ உப்பு, மாதம் சுமார் 26 கிலோ. விலைப்பட்டியலில் இந்தச் செலவு இருக்காது.

கழுவும்போது அவசரம் கூடாது. நாலு கிலோவை 40 லிட்டரில் கரைத்து, அரை மணி நேரமாவது மெதுவாக விடவேண்டும். வேகமாக விட்டால் உப்பு வீணாகச் சாக்கடைக்குத்தான் போகும். மண் கலக்காத கல் உப்பு போதும். இரும்பு 0.3 மி.கி.க்கு மேல் இருந்தால் ரெசினில் துருவாகப் படிந்து திறனைக் கெடுக்கும்; சாஃப்ட்னருக்கு முன்னால் இரும்பு நீக்கும் ஃபில்டர் வேண்டும்.

மொட்டைமாடி டேங்கிலிருந்து இறங்கும் குழாயில் பலர் மாட்டிவிடுகிறார்கள். 3 மீட்டர் உயரம் 0.3 பார் அழுத்தம்தான் தரும். ஆட்டோமேட்டிக் வால்வுக்கு அது போதாது. மோட்டாரிலிருந்து டேங்குக்கு ஏறும் லைனில் வையுங்கள். அப்போது மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்பதற்கும் சாஃப்ட்னர் பொருந்தவேண்டும்.

செடிகளுக்கும் சமையலறைக்கும் சாஃப்ட்னர் வழியே போகாத தனி பைபாஸ் லைன் அவசியம். 500 கடினத்தன்மையை நீக்கும்போது லிட்டருக்கு 230 மி.கி. சோடியம் சேர்கிறது, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதை அப்படியே குடிக்கக்கூடாது. கரைந்த உப்புகளைக் குறைக்கும் ஆர்.ஓ. குடிநீருக்கு மட்டும். டிடிஎஸ் 500க்குள் இருந்து வேறு குறையும் இல்லையென்றால் கிருமிகளைக் கொல்லும் யு.வி. ஃபில்டரே போதும்.